ரோஷம் வருமென்று சங்கிலி போடாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மானூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு ஏழு மாதக் கன்னி இன நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டிக்கொண்டு என்றா சொன்னேன்? இழுத்துக்கொண்டு. "பேத்தி கையைக் கடிச்சுட்டு சார். அமைதியாகுற மாதிரி ஒரு ஊசி போடுங்க." அப்படி ஓர் ஊசி இருந்தால் முதலில் நான் போட்டுக்கொள்வேன். இந்த மாதத்தில் இது நான்காவது.

நாய் மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. மூக்கை நக்கிக்கொண்டே இருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடி தேய்ந்து தோல் தெரிந்தது, அதில் சங்கிலித் துரு. முப்பதாம் நாளில் தாயிடமிருந்து பிரித்து வாங்கினாராம். நாற்பதாம் நாளில் தொழுவத்தில் கட்டினாராம். சோறு வைக்க அவர் மட்டும் போவாராம், பிள்ளைகள் கிட்டே போகக் கூடாதாம். "எல்லார்கிட்டயும் பழகிட்டா வாலாட்டிட்டுல்லா நிக்கும்? ரோஷம் வேண்டாமா சார்?"

பேத்தியின் காயத்தில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். சுண்ணாம்பாம். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியும் போடவில்லை. நம்ம வீட்டு நாய்தானே என்பது மருந்தல்ல ஐயா. கடி பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். வெறிநோய் வந்தபின் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி ரோஷத்துக்கு வருவோம். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை குட்டி எதையெல்லாம் பார்க்கிறதோ அதுதான் உலகம் என்று எடுத்துக்கொள்ளும். தொழுவத்தில் கட்டிய குட்டிக்கு உலகம் என்பது ஓர் ஆள், ஒரு சுவர், இரண்டு மாடு. அப்புறம் பேத்தி சிரிப்பதும் ஓடுவதும் அதற்கு ஆபத்தாகத்தான் தெரியும். பயந்தால் நாய் முதலில் விலகி ஓடப் பார்க்கும். சங்கிலி அந்த வழியை அடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது பல். ஒரு தடவை கடித்து ஆள் பின்வாங்கினால், சரி, இதுதான் வழி என்று படித்துக்கொள்கிறது. நீங்கள் ரோஷம் என்று மெச்சுவது பயத்தை. பச்சைமிளகாய் கொடுத்தால் சூடு ஏறும் என்பவர்களும் வருகிறார்கள். ஏறுவது வயிற்றெரிச்சல்.

காவலுக்கும் இது உதவாது. பால்காரர், தபால்காரர், காற்றில் ஆடும் வேட்டி எல்லாவற்றுக்கும் ராத்திரி பகல் குரைக்கிற நாய்க்கு, திருடன் வரும்போது நீங்கள் எழுந்து பார்ப்பீர்களா? "சவம், சும்மா கெட" என்று திரும்பிப் படுப்பீர்கள். அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுகிறவர்களின் நாயைப் பாருங்கள். குட்டியிலிருந்தே ஆட்டோடு ஆடாக, பிள்ளைகளோடு பிள்ளையாக அலைந்தது. எது வழக்கம் என்று தெரிந்த நாய்க்குத்தான் எது புதுசு என்று தெரியும்.

ஆகவே எட்டு வாரம் முடியாமல் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் வேறு இடம் பாருங்கள். கடியின் வலியைத் தாயும் உடன்பிறப்புகளும்தான் அதற்குக் கற்றுத் தருகின்றன. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ என்னும் கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியைத் தொடங்கி, தவணை தவறாமல் போடுங்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். தவணை முடியும்வரை தெருநாய்கள் புழங்கும் மண்ணில் விடாதீர்கள். அதற்காகப் பூட்டியும் வைக்காதீர்கள்! இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். ஹெல்மெட், குடை, சீருடைப் பிள்ளைகள், பேருந்துச் சத்தம் எல்லாம் பார்க்கட்டும். கோயில் கொடைக்கு மேளமும் வெடியும் முழங்கும்போது, சத்தம் லேசாகக் கேட்கிற தூரத்தில் வைத்து, வேகவைத்த முட்டையைத் துண்டு துண்டாகக் கொடுங்கள்.

வீட்டுக்குள் ஒன்றுக்குப் போனால் மூக்கைத் தேய்க்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். போய்ப் பத்து நிமிடம் கழித்து அடித்தால் எதற்கு அடித்தீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடியதும் வெளியே தூக்கிப் போங்கள். அங்கே போனால் அந்த நொடியே ஏதாவது தின்னக் கொடுங்கள். அவ்வளவுதான்.

கடிக்கிறது என்று இரண்டு மாதக் குட்டியைக் கொண்டுவருபவர்களுக்கு: 28 பால்பல் இருக்கிறது, நான்கு முதல் ஆறு மாதத்தில் விழும். கையை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்து போங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். தாத்தா திட்டுவதும் பேரன் அல்வா ஊட்டுவதுமாக இருந்தால் குட்டி யாரைக் கேட்கும்? (அல்வாவே வேண்டாம். திராட்சை, சாக்லேட், வெங்காயம் கூடவே கூடாது.)

மானூர் நாய்க்கு ஊசி போட்டேன், வெறிநோய்க்கானதை மட்டும். கழுத்துப்புண்ணுக்கு மருந்து. சங்கிலியைக் கழற்றி அகலமான துணிப் பட்டை மாட்டச் சொன்னேன், பேத்தியை இப்போதைக்குக் கிட்டே விட வேண்டாம் என்றேன். வாரம் இரண்டு நாள் வந்து மருத்துவமனை வேப்பமரத்தடியில் சும்மா உட்காரச் சொல்லியிருக்கிறேன், பணம் வேண்டாம். இரண்டு தடவை வந்துவிட்டார். நாய் இன்னும் யார் கையிலிருந்தும் வாங்கித் தின்னவில்லை. தரையில் வைத்துவிட்டு ஆள் நான்கடி நகர்ந்தால், கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொள்கிறது.