சோற்றுக் கவலை உடம்பில் செய்யும் வேலை

ஒரு வீட்டில் உணவுக்கு உத்தரவாதம் இருக்கிறதா என்று அளக்க, ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு எட்டுக் கேள்விகளை வைத்திருக்கிறது. நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி இது: கையில் காசு இல்லாமல், சாப்பாட்டுக்குப் போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா? பானையில் அரிசி இருக்கும்போதே சிக்கல் தொடங்கிவிடும் என்று அந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

காவிரிப் படுகையில் இதைப் பேசினால், நெற்களஞ்சியத்தில் சோற்றுக்கா பஞ்சம் என்று கேட்பார்கள். நெல் விளையும் ஊரில் நெல் எல்லார் வீட்டுக்கும் வந்துவிடுவதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தால் நாற்றங்கால், நடவு, களை என்று கூலி வேலை வரிசையாக வரும். 2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2016-இல் செப்டம்பர் 20 வரை காத்திருந்தார்கள். அப்புறம் வடகிழக்குப் பருவமழையும் தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்து, சம்பாவும் கருகியது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. தண்ணீர் வருமா, மழை பெய்யுமா, நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று எதுவும் தெரியாமல் காத்திருப்பதுதான் இங்கே பெரிய பாடு.

இப்படிக் காத்திருப்பது உடம்பை என்ன செய்கிறது என்பதை ஒரு குரங்கு ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. நம் கோயில் வாசல்களில் வாழைப்பழம் பிடுங்கும் அதே நாட்டுக்குரங்குதான். நியூயார்க்கில் லியனார்ட் ரோசன்ப்ளம் என்ற ஆய்வாளர் குட்டி வைத்திருந்த தாய்க்குரங்குகளை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு இரை சுலபமாகக் கிடைத்தது. இன்னொன்று தினமும் கிளறித் தேட வேண்டும். மூன்றாவது குழுவுக்குக் கொஞ்ச நாள் சுலபம், கொஞ்ச நாள் சிரமம் என்று மாற்றி மாற்றி வைத்தார். யாரையும் பட்டினி போடவில்லை. 1984-இல் வெளிவந்த முடிவின்படி, அதிகம் பதறியது தினமும் சிரமப்பட்ட குழு அல்ல, மூன்றாவது குழுதான். அந்தத் தாய்கள் குட்டிகளைச் சரியாகக் கவனிக்கவில்லை, குட்டிகளும் மிரண்டன. அப்படி வளர்ந்த குட்டிகளைப் பெரிதான பிறகு சோதித்தபோதும், மன அழுத்தத்தைத் தொடக்கிவைக்கும் மூளை ரசாயனம் அவற்றின் தண்டுவட நீரில் கூடுதலாகவே இருந்தது.

அந்த ரசாயனம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் சுரக்கிறது. அது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. கார்டிசால் கெட்டதல்ல. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, ஓடவோ சமாளிக்கவோ தெம்பு தருவது அதுதான். போதிய அளவு வந்ததும் அதுவே மூளைக்குத் திரும்பிப்போய், சுரந்தது போதும் என்று நிறுத்திவிடும். மாதக்கணக்கில் கவலை நீடித்தால் இந்த நிறுத்தும் ஏற்பாடு மங்கிப்போகிறது, பாதி திறந்தபடியே துருப்பிடித்த மதகு மாதிரி. சிலருக்கு நேர்மாறாக, காலையில் ஏற வேண்டிய கார்டிசால் ஏறாமல், எழுந்ததிலிருந்தே அசதியாக இருக்கும். எப்படியானாலும் தூக்கம் கெடுகிறது. எரிச்சல் கூடுகிறது, மனச்சோர்வுக்கு வழி திறக்கிறது.

சிந்தனையும் தப்புவதில்லை. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் தமிழ்நாட்டின் 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்பும், வெட்டிப் பணம் வந்த பின்பும் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் கை வறண்டிருந்த சமயத்தில் புதிர்களை மோசமாகவே போட்டார்கள். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த இன்னோர் ஆய்வில் இந்த வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கணிப்பில், அடுத்த சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று தெரிந்தவரின் நெருக்கடி வேறு, அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பி அனுப்புவார்களோ என்று நிற்பவரின் நெருக்கடி வேறு.

இனி தட்டுக்கு வருவோம். காசு குறைந்தால் சோறு கடைசியாகத்தான் குறையும், ரேஷன் அரிசி இருக்கிறதே. முதலில் போவது மீன், முட்டை, பருப்பு, கீரை. ஆக வயிறு நிறைந்திருக்கும், இரும்புச்சத்து இருக்காது. மனநிலையோடு தொடர்புடைய மூளை ரசாயனங்களான செரோட்டோனின், டோபமைன் இரண்டையும் தயாரிக்கும் நொதிகள் இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபின் மிச்சத்தோடு உட்காரும் பெண்ணுக்கே இதில் இழப்பு அதிகம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

சங்கடம் என்னவென்றால், ரத்தசோகையும் மனச்சோர்வும் வெளியே ஒரே மாதிரி தெரியும். யாரும் மனம் சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ‘கை கால் அசதியா இருக்கு, நெஞ்சு படபடங்குது, தூக்கமே புடிக்கல’ என்றுதான் சொல்வார்கள். ஒரு சத்து ஊசியோ குளுக்கோஸ் பாட்டிலோ ஏற்றி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்தால் ரத்தசோகை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இரும்பு மாத்திரை எடுத்தும் சோர்வு தீரவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை என்றால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணுக்கு அழைக்கலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.