பேயை அச்சடித்த புள்ளிகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், அடியில் விரித்திருக்கும் பேப்பரைக் கொஞ்சம் பாருங்கள். தமிழ்ப் பேப்பரோ மலையாளப் பேப்பரோ, அதில் ஒரு பேய்ப்பட விளம்பரம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கறுப்புக் கட்டத்துக்குள் விரிந்த இரண்டு கண்கள், அவிழ்ந்த கூந்தல், கீழே 'இன்று முதல்'. உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ஆனாலும் நெஞ்சு திடுக்கென்கிறது. இவ்வளவு மட்டமான காகிதத்தில், ஒரே ஒரு கறுப்பு மையில் அது எப்படி முடிந்தது?

அந்தக் கால அச்சு இயந்திரத்தால் சாம்பல் நிறம் தர முடியாது. மை படும், இல்லையென்றால் படாது. நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால் புகைப்படத்தைப் புள்ளிகளாக உடைத்தார்கள். பெரிய கேமராவில் ஃபிலிமுக்குச் சற்று முன்னால், குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கோடு போட்ட கண்ணாடித் திரையை வைப்பார்கள். கோடுகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு சின்னக் கட்டமும் ஓர் ஊசித்துளை கேமரா. வெளிச்சம் கூடிய இடத்தில் ஃபிலிமில் விழும் புள்ளி பெருக்கும், குறைந்த இடத்தில் சிறுக்கும். அந்த நெகட்டிவை, ஒளி பட்டால் இறுகும் பூச்சு தடவிய துத்தநாகத் தகட்டின்மேல் வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். இறுகாத பூச்சைக் கழுவிவிட்டு நைட்ரிக் அமிலத்தில் போட்டால், வெறும் உலோகம் அரிபட்டுப் பள்ளமாகும். புள்ளிகள் மட்டும் மேடாக நிற்கும். மேட்டில்தான் மை ஒட்டும். அச்சகத்தில் 'பிளாக்' என்று சொன்னது இதைத்தான்.

செய்தித்தாள் பிளாக்கில் அங்குலத்துக்குச் சுமார் 65 வரிசைப் புள்ளிகள் இருக்கும். புள்ளிக்குப் புள்ளி 0.4 மி.மீ. இடைவெளி. நல்ல கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறிய முடியும். கணக்குப் போட்டால், 1.3 மீட்டருக்கு அப்பால் புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பேப்பரை மூக்கருகே வைத்தால் வெறும் பொட்டுகள்தான். டீக்கடைச் சுவரில் ஒட்டியதை எதிர் பெஞ்சிலிருந்து பார்த்தால் முகம் முழுசாக வந்து நிற்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பழைய பேப்பரை எடுத்துச் செய்து பாருங்கள், அருமையான சோதனை அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சும். புள்ளிகள் பரவிப் பெருக்கும். மென்மையான நிழலெல்லாம் கறுப்பில் மூழ்கிப் போகும். காதல் படத்துக்கு இது நஷ்டம். பேய்ப்படத்துக்கோ பெரிய லாபம்! கன்னமும் கழுத்தும் இருளில் கரைந்துபோக, கண்ணின் வெள்ளை மட்டும் மிஞ்சும். அதற்கு மையே வேண்டாம், காகிதத்தை அப்படியே விட்டால் போதும்.

அந்த வெள்ளைக்கு நம் மூளை எப்படித் துடிக்கிறது என்பது பின்னால் தெரியவந்தது. பயத்தில் விரிந்த கண்களின் வெள்ளையை மட்டும், பார்ப்பவர் உணராத வேகத்தில் காட்டினாலே அமிக்டலா என்ற பகுதி தூண்டப்படுகிறது என்று 2004-ல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வு சொன்னது. பயந்த முகத்தின் நுணுக்கமான விவரங்களைவிட அதன் மங்கலான உருவத்துக்கே அமிக்டலா கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது என்பது 2003-ல் வந்த இன்னொரு ஆய்வு. மங்கல் உருவமும் வெள்ளைக் கண்ணும் அந்தப் பிளாக்குகளில் தாராளமாக இருந்தன. அச்சின் குறை என்று நாம் நினைப்பதுதான் அந்த விளம்பரங்களுக்குப் பாதி பலம் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, இப்போது அவை ஏன் மஞ்சளாகி நொறுங்குகின்றன? மரத்தை அரைத்துச் செய்த மலிவுக் கூழில், மரநார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் ஆக்சிஜனும் பட்டால் அது பழுப்பாகும். காகிதத்தில் இருக்கும் அமிலம் நார்களைத் துண்டாக்கும், ஈரம் அதை விரைவுபடுத்தும். இரண்டு பருவமழையும் கடல்காற்றும் உள்ள நம் மாவட்டத்தில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. மை மட்டும் மங்காது, ஏனென்றால் அது கரித்தூள்.

அதனால் கிடைத்ததை லேமினேட் செய்யாதீர்கள். உள்ளே அமிலம் தன் வேலையைத் தொடரும், பிறகு பிரிக்கவும் முடியாது. வெயில் படாத உலர்ந்த இடத்தில், அமிலமில்லாத காகித உறையில் வையுங்கள். அதற்கு முன் அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்துவிடுங்கள். குறைந்த அளவில் எடுத்தால் ஸ்கேனரின் கட்டங்களும் பிளாக்கின் புள்ளிகளும் மோதி, ஒன்றன்மேல் ஒன்று போட்ட கொசுவலைகள்போல் முகமெங்கும் அலைகள் ஓடும்.