பெனிசிலினுக்கு அடங்கியதும் அடங்காததும்

பெனிசிலின் புழக்கத்துக்கு வந்து எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும், தொண்டை அழற்சியையும் அதன் தொடர்ச்சியாகச் சிலருக்கு மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலையும் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனஸ் அம்மருந்துக்கு அடங்கியே நடக்கிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த நியூமோகாக்கஸ், அதாவது நிமோனியாவுக்கும் மூளையுறை அழற்சிக்கும் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, அப்படி இருக்கவில்லை. பெனிசிலினால் எளிதில் கட்டுப்படாத வகை ஒன்று 1967இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அறிவிக்கப்பட்டது; அடுத்த பத்தாண்டின் பிற்பகுதியில், பல மருந்துகளை ஒருசேர எதிர்க்கும் வகைகள் தென்னாப்பிரிக்க மருத்துவமனைகளில் காணப்பட்டன.

பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டும்போது, சுவரின் இழைகளைக் குறுக்காகப் பிணைக்கும் வேலையைச் சில நொதிகள் செய்கின்றன. பெனிசிலின் அந்த நொதிகளின் செயல்மையத்தில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குவதால், வளரும் செல்லின் சுவர் வலுவிழந்து செல் அழிகிறது. ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் மருந்தையே வெட்டிச் சிதைக்கும் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து தப்புகின்றன. நியூமோகாக்கஸிடம் அந்த நொதி இல்லை. அதனால், அந்த நொதியைத் தடுப்பதற்காக, பெனிசிலின் குடும்பத்து மருந்தான அமாக்சிசிலினுடன் சேர்க்கப்படும் கிளாவுலனேட்டால் இதற்கு எதிராகக் கூடுதல் பயன் ஏதுமில்லை. அமாக்சிசிலினின் அளவைக் கூட்டுவதால்தான் பயன் உண்டு.

நியூமோகாக்கஸ் மாற்றிக்கொண்டது மருந்து ஒட்டும் இடத்தை. அந்தச் சுவர் நொதிகளுக்கான மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, ஒட்டுப்போட்டுத் தைத்த துணியைப் போல, இடையிடையே வேற்றினத்தின் துண்டுகள் தென்பட்டன. அவற்றில் பல, நம் வாயிலும் தொண்டையிலும் பெரும்பாலும் தீங்கின்றி வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஓராலிஸ் ஆகிய உறவினங்களுடையவை. சூழலில் கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளிழுத்துத் தன் மரபணுத் தொகுதியில் பொருத்திக்கொள்ளும் ஆற்றல் நியூமோகாக்கஸுக்கு இயல்பாகவே உண்டு. தக்க சூழலில் அது அருகிலுள்ள செல்களை உடைத்து அவற்றின் டி.என்.ஏ.வை வெளிக்கொணரவும் செய்கிறது. 1928இல் பிரிட்டிஷ் பாக்டீரியா ஆய்வாளர் ஃபிரடெரிக் கிரிஃபித் கண்டதும், 1944இல் அமெரிக்காவில் ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடைய சகாக்களும் டி.என்.ஏ.யே மரபுப் பொருள் என்று காட்டப் பயன்படுத்தியதும் இதே ஆற்றல்தான்.

ஆகவே, வேறு ஏதோ நோய்க்காக உண்ட மாத்திரைகூட வாயிலுள்ள தீங்கற்ற பாக்டீரியாக்களில் எதிர்ப்புத்திறன் கொண்டவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது; பின்னர் வந்துசேரும் நியூமோகாக்கஸ் அவற்றிடமிருந்து கடன் பெறுகிறது. இந்தக் கடன் பெரும்பாலும் சிறிது சிறிதாகச் சேர்வதால், விளைவு நோயைப் பொறுத்து வேறுபடும். மருந்து நிறையச் சென்றடையும் நுரையீரலில், ஒரு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் பெனிசிலின் தேவைப்படும் கிருமியையும் ஊசி மருந்தால் வெல்லலாம். மருந்து குறைவாகவே புகும் மூளை உறைகளிலோ, அந்த வரம்பு 0.06 மைக்ரோகிராம் மட்டுமே.

பயோஜீனஸ் ஏன் இவ்வழியில் செல்லவில்லை என்பதற்கு, டி.என்.ஏ.வை எளிதில் உள்வாங்காத அதன் இயல்பும், மாறிய சுவர் நொதி அதன் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் இதை நிரந்தரப் பாதுகாப்பு என்று கொள்வதற்கில்லை: அமெரிக்காவின் சியாட்டிலில் கிடைத்த சில மாதிரிகளில், ஒரு சுவர் நொதியில் நேர்ந்த மாற்றம் அமாக்சிசிலின் உள்ளிட்ட மருந்துகளின் வீரியத்தைச் சற்றே குறைத்திருந்தது.

எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகிய வேறு வகை பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகளின் விஷயத்தில் பயோஜீனஸ், நியூமோகாக்கஸ் இரண்டிலுமே எதிர்ப்புத்திறன் கொண்ட வகைகள் தோன்றிவிட்டன. ஒரு மரபணு, செல்லில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமில் மருந்து ஒட்டும் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதியைச் சேர்த்து மருந்து ஒட்டுவதைத் தடுக்கிறது; இன்னொன்று, நுழைந்த மருந்தை வெளியேற்றுகிறது. முதல் வகையில் கிளிண்டமைசின் என்ற மற்றொரு மருந்தும் பயனற்றுப்போகலாம். இப்போக்கைத் திருப்பவும் முடியும்: பின்லாந்தில் இம்மருந்துகளின் பயன்பாடு குறைக்கப்பட்டபின், எரித்ரோமைசினை எதிர்க்கும் பயோஜீனஸின் பங்கு 1992இல் 16.5 சதவீதமாக இருந்தது 1996இல் 8.6 சதவீதமானது.

நியூமோகாக்கஸுக்கு எதிராகத் தடுப்பூசியும் உண்டு. 2000இல் அமெரிக்காவில் அறிமுகமான தடுப்பூசி குறிவைத்த ஏழு வகைகளில் பல மருந்தை எதிர்ப்பவை என்பதால், அத்தகைய தொற்றுகள் வெகுவாகக் குறைந்தன. காலியான இடத்தில் 19ஏ என்ற வகை பெருகியது. 2010இல் வந்த பதின்மூன்று வகைத் தடுப்பூசியில் அதுவும் சேர்க்கப்பட்டது. மைட்டிஸையும் ஓராலிஸையும் இத்தடுப்பூசிகள் குறிவைப்பதில்லை என்பதால், கடன் கொடுக்கும் மரபணுக்கள் இன்னமும் தொண்டையிலேயே இருக்கின்றன.