அரிக்காத உருக்கு

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலை. பெரும்போக அறுவடை முடிந்து நெல் மூட்டை மலையாகக் குவிந்து கிடந்த நேரத்தில் ஷாஃப்ட், அதாவது இயந்திரத்தின் சுழல் தண்டு, முறிந்தது. புதிதாகப் போட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. லேத் பட்டறையில் இருந்த மூத்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “லோட் கூடிப் போச்சு மனே” என்றார். ஷாஃப்ட் முறிந்தால் நாங்கள் எல்லாரும் முதலில் சொல்வது அதுதான்.

முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். கல்லடிக் கடற்கரையில் அலை திரும்பிய பிறகு ஈர மணலில் வரி வரியாக நிற்குமே, அப்படியே வளைகோடுகள். ஒரேயடியாகப் பாரம் தாங்காமல் முறிந்த இரும்பில் இந்தக் கோடு வராது. வெடிப்பு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கோடுகள் தொடங்கும் புள்ளி வழமையாக மேற்பரப்பில், கீ என்னும் பூட்டு ஆப்புக்காக வெட்டிய பள்ளத்தின் மூலையில் இருக்கும். இங்கே அது இரண்டு மில்லிமீற்றர் உள்ளே, கடுகில் பாதி அளவில் கறுப்பாக இருந்தது. அது இரும்பே இல்லை. உருக்கு வார்க்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட கசடு.

நாடு திரும்ப முன் சில வருடம் வெளிநாட்டு உருக்காலை ஒன்றில் தரப் பிரிவில் இருந்தேன். அதனால் இது எங்கே நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிந்தது.

உருகிய உருக்கில் ஒட்சிசன் கரைந்திருக்கும். அப்படியே வார்த்தால் குமிழி விழும். ஆகவே அலுமினியம் போடுவார்கள். அது ஒட்சிசனைப் பிடித்து அலுமினாவாக மாறும். அலுமினா உருக 2000 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும், உருக்கு நிற்பதோ 1600 பாகை அளவில். குமிழிக்குப் போட்ட மருந்தே உள்ளே கல்லாகிவிடுகிறது.

வீட்டில் அரிக்கன் சட்டியில் அரிசி அரித்தால் கல் அடியில் தங்கும். உருக்கில் இது தலைகீழ், கல்லுத்தான் லேசு, மேலே மிதக்க வேண்டும். ஆனால் துணுக்கின் விட்டம் பத்தில் ஒன்றானால் ஏறும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். உருகிய உருக்கு நிற்கும் மூன்று மீற்றர் ஆழ வாளியில் 0.1 மில்லிமீற்றர் துணுக்கு ஏற ஏறக்குறைய 20 நிமிடம் போதும். 0.01 மில்லிமீற்றர் துணுக்குக்கு ஒரு நாளுக்கு மேல் வேண்டும். அதற்குள் உருக்கு உறைந்துவிடும். அதனால்தான் அடியிலிருந்து ஆர்கன் வாயுவை மெதுவாக விடுவது. துணுக்குகள் ஒன்றோடொன்று மோதிப் பெருக்கும், குமிழியில் தொற்றி, உருக்கின் மேல் மிதந்து மூடியிருக்கும் கசட்டுக்குள் போய்ச் சேரும். இதில் “மெதுவாக” என்பதுதான் முக்கியம். இரவு ஷிஃப்டில் அவசரப்பட்டு வால்வை முழுதாகத் திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கசடு விலகி உருக்கு வெளியே தெரியும், காற்றுப் பட்டுப் புதுக் கல் பிறக்கும்.

பிறகு உருக்குக்குள் கல்சியம் கம்பியை விடுவார்கள். அது கெட்டியான அலுமினாவைத் திரவ உருண்டையாக்கும். இல்லாவிட்டால் வார்ப்புத் துவாரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு நேரம் கட்டியாகக் கழன்று உள்ளே போகும். கந்தகம் கூடிய உருக்கில் கல்சியம் அதனோடு சேர்ந்து கல்சியம் சல்பைட்டாகித் தானே அடைக்கும் என்பது வேறு கதை.

எங்கள் கறுப்புப் புள்ளி அளவில் பெரியது. உள்சுவரின் உலைக்கல் உடைந்த துணுக்காகவோ, வாளி காலியாகும் தறுவாயில் சுழி போட்டு இறங்கிய கசடாகவோ இருக்கலாம். சுழி வராமலிருக்க அடியில் கொஞ்சம் உருக்கை மிச்சம் விட வேண்டும். அந்த மிச்சத்தை நட்டக் கணக்கில் எழுத மனமில்லாத மேலாளர் ஒருவரோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

மங்கனீசு சல்பைட் இன்னொரு வகைக் கல். உருக்கை உருட்டிக் கம்பியாக்கும்போது நெடுக நூலாக இழுபடும், குறுக்கே வலு குறையும். லேத்காரர் “நல்லா வெட்டுது” என்று புகழும் சில கம்பிகளில் கந்தகம் வேண்டுமென்றே சேர்த்திருக்கும். புஷ்ஷுக்கும் போல்ட்டுக்கும் சரி, அடி வாங்கும் ஷாஃப்ட்டுக்கு அதைப் போடாதீர்கள்.

கம்பி வாங்கும்போது ஆலைச் சான்றிதழைக் கேளுங்கள், அதிலுள்ள ஹீட் நம்பர், அதாவது ஒரு தடவை உருக்கிய உருக்குக்கு ஆலை கொடுக்கும் இலக்கம், கம்பியில் குத்திய நம்பரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். இரசாயனக் கணக்கு மட்டும் இருந்தால் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. முக்கியமான வேலைக்கு, உள்ளே உள்ள கல்லை அளந்து சொல்லும் ஏஎஸ்டிஎம் ஈ45 மதிப்பீடு வேண்டும். கிரைண்டரில் பொறி பார்ப்பது கரிமத்தை ஓரளவு காட்டும், கசட்டைக் காட்டாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: என்னிடம் வந்த முறிந்த ஷாஃப்ட்டுகளில் பெரும்பாலானவை கூர் மூலையாலும் பிசகிய அலைன்மென்டாலும் போனவை. உருக்கைக் குறை சொல்ல முன் முகத்தைப் பாருங்கள். பார்க்க முகம் மிஞ்ச வேண்டுமே. இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று பொருத்தி உரச வேண்டாம். எண்ணெய் பூசி, பழந்துணியில் சுற்றி வையுங்கள். எங்கள் உப்புக் காற்றுக்கு அந்தக் கோடுகளைத் தின்ன அதிக நாள் தேவையில்லை.