பழி லேசர் மீது

“லேசர் போய்விட்டது சார். இதற்கு இனிமேல் ஹெட் கிடைக்காது.” பழைய சிடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போனவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. எனக்கும் அதையே சொன்னார்கள். (ஹெட் என்பது லேசரும் லென்ஸும் சேர்ந்த, வட்டைப் படிக்கும் பகுதி.) ஒரு மூட்டை அரிசி போலக் கனக்கும் அந்தக் கருவியை வீட்டுக்குத் திரும்பச் சுமந்து வந்து, மேசை மேல் வைத்து மூடியைக் கழற்றினேன். முதல் எட்டுப் பாடல்கள் ஒரு பிசிறில்லாமல் ஓடின. ஒன்பதாவது பாடலில் தத்தித் தத்தி, அதற்கு மேல் நகர மறுத்தது. லேசர் செத்திருந்தால் முதல் எட்டு மட்டும் எப்படி ஓடும்?

இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதில் பாடல் இருப்பது ஒரே ஒரு சுருள் தடத்தில். இசைத்தட்டுக்கு நேர்மாறாக, அது நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகிறது. பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். தலைமுடி ஒன்றின் அகலத்தில் நாற்பது சுற்றுகள் அடங்கிவிடும். தடமெங்கும் நுண்ணிய குழிகள். லேசர் அடிப்பக்கத்திலிருந்து பார்ப்பதால் அதற்கு அவை மேடுகள். லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்குள் நுழைந்ததும் அது 500 நானோமீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. மேட்டின் உயரம் அதில் ஏறத்தாழக் கால் பங்கு. மேட்டில் பட்டுத் திரும்பும் ஒளியும் பக்கத்துச் சமதரையில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, அந்த இடம் இருண்டு தெரிகிறது. மேடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் 1 என்ற எண். நடுவில் உள்ளதெல்லாம் 0.

படிக்கும் முறை இவ்வளவுதான். சிரமமெல்லாம் ஒளிப்புள்ளியை அந்த இடத்தில் நிறுத்தி வைப்பதில் இருக்கிறது. லென்ஸ் குவிக்கும் புள்ளி, மேலே கீழே இரண்டு மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். வட்டோ அரை மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் ஆடலாம் என்று தரக்குறிப்பே அனுமதிக்கிறது. நடுத்துளை ஒரு முடியளவு விலகியிருந்தாலும் போதும், ஒவ்வொரு சுழற்சியிலும் தடம் நாற்பது சுற்று தூரம் உள்ளும் வெளியுமாக ஆடும். லென்ஸ் அந்த ஆட்டம் முழுவதையும் பின்தொடர வேண்டும்.

அதனால்தான் லென்ஸ் ஓரிடத்தில் இறுக்கப்படவில்லை. மெல்லிய தாங்கிகளில், ஒலிபெருக்கியின் கூம்பு போல, காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் நடுவே மிதக்கிறது. திரும்பி வரும் ஒளி நான்காகப் பிரிக்கப்பட்ட ஒளியுணரியில் விழுகிறது. வழியில் ஓர் உருளை லென்ஸ். குவியம் சரியாக இருந்தால் நான்கு கட்டங்களிலும் வட்டமாக விழும் ஒளி, வட்டு நெருங்கினால் ஒரு மூலைவிட்டத்திலும் விலகினால் மறு மூலைவிட்டத்திலும் முட்டை வடிவாக நீளும். எதிரெதிர்க் கட்டங்களைக் கூட்டிக் கழித்தால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த மின்னழுத்தமே லென்ஸை நகர்த்துகிறது. தடத்தைப் பின்பற்ற இதே போல் இன்னொரு கட்டுப்பாட்டுச் சுற்று. லென்ஸையும் சுமந்துகொண்டு தண்டவாளத்தில் நகரும் வண்டிக்கு இன்னொன்று. வட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு நான்காவது: தடத்தின் நேர்வேகம் மாறக்கூடாது என்பதால் நடுவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுழற்சி, விளிம்பில் 200.

ஆக, சிடி பிளேயர் என்பது ஒன்றையொன்று நம்பி ஓடும் நான்கு கட்டுப்பாட்டுச் சுற்றுகள். எது தளர்ந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றிரண்டுதான்: பாட்டு தத்தும், அல்லது திரையில் “வட்டு இல்லை”. உடனே பழி லேசர் மீது.

மூடியைத் திறந்து வைத்து, வட்டைப் போட்டு, பொறுமையாகக் கவனியுங்கள். (பக்கவாட்டில் நின்று பாருங்கள், லென்ஸுக்கு நேரே கண்ணை வைக்காதீர்கள். 780 நானோமீட்டர் ஒளி மங்கிய சிவப்பாகத்தான் தெரியும், அதனால் ஆபத்தை உணர்ந்து இமை தானாக மூடாது.) முதலில் வண்டி நடுவுக்கு ஓடிவரும். லென்ஸ் மெதுவாக மேலேறி இறங்கிக் குவியத்தைத் தேடும். கிடைத்த பிறகுதான், பெரும்பாலான கருவிகளில், வட்டு சுழலத் தொடங்கும். பிறகு உள்விளிம்பிலுள்ள பாடல் பட்டியலைப் படித்து எண்ணிக்கையைக் காட்டும். எந்தப் படியில் நின்றது என்பதே பாதி விடை. லென்ஸ் தேடித் தேடி ஓய்ந்துவிட்டால் லென்ஸில் அழுக்கு, அல்லது குவியச் சுற்றில் கோளாறு, அல்லது உண்மையிலேயே லேசர். வட்டு சோம்பலாகச் சுழன்று, பட்டியல் வராமல் நின்றால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். நடுப்பகுதிக்குத்தான் மிக அதிக வேகம் தேவை, தேய்ந்த மோட்டார் அங்கேதான் திணறும்.

என் கருவியில் நேர் எதிர். நடுவில் சுகம், வெளியே நோய். லென்ஸுக்குத் தானாகப் பக்கவாட்டில் நகர ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடமே உண்டு. அந்த எல்லையை நெருங்கும்போது வண்டி ஒரு சிறு அடி எடுத்துவைக்க வேண்டும். தண்டவாளத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். ஆலையில் தடவிய கிரீஸ் முப்பது ஆண்டுகளில் பழுப்பேறி, காய்ந்த வெல்லப்பாகு போல இறுகிக் கிடந்தது. வண்டி ஒட்டிக்கொள்கிறது, மோட்டாருக்கு மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, திடீரென்று பிய்த்துக்கொண்டு பாய்ந்து, வேண்டிய தடத்தைத் தாண்டிவிடுகிறது. காதுக்கு அது தத்தலாகக் கேட்கிறது. பஞ்சுக்குச்சியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கொண்டு பழையதை முழுக்கத் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக்கை அரிக்காத செயற்கை கிரீஸ் ஒரு மணியளவு தடவினேன். சமையல் எண்ணெயையும் தையல் இயந்திர எண்ணெயையும் விட்டுப் பார்த்தவர்களை அறிவேன். அடுத்த கோடையில் அவர்கள் மறுபடி மூடியைத் திறந்தார்கள்.

“நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது” என்ற வியப்புக்கும் காரணம் உண்டு. 1960இல் ரீட், சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் வெளியிட்ட பிழைதிருத்தக் குறியீட்டின் மேல்தான் சிடி நிற்கிறது. தகவலைக் கலைத்து, தடத்தின் பல இடங்களில் தூவி வைத்திருப்பதால், தடத்தின் போக்கில் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் அழிந்தாலும் மூலத் தகவலை அப்படியே மீட்டுவிடலாம். ஆகவே கருவி பத்து ஆண்டுகள் தேய்ந்தாலும் காதுக்கு எதுவும் தெரியாது. பிழைகள் திருத்தும் திறனைத் தாண்டும் நாளில் ஒரேயடியாகச் சரியும். வட்டைத் துடைக்கும்போது சுற்றிச் சுற்றித் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கச் சொல்வதும் இதனால்தான்: குறுக்குக் கீறலை இந்தக் கணிதம் சமாளிக்கும், தடத்தோடு ஓடும் நீளக் கீறலைச் சமாளிக்காது.

விலை உயர்ந்த கருவிகள் இந்த ஆட்டங்களை அடக்கத்தான் பணத்தைக் கொட்டின. டியாக் நிறுவனத்தின் விஆர்டிஎஸ் அமைப்பு வட்டை ஏறக்குறைய அதன் முழு அகலத்துக்கு ஒரு தட்டோடு அழுத்திப் பிடித்தது. பயனியரோ வட்டைக் கவிழ்த்துப் போட்டு மேலிருந்து படித்தது. பிலிப்ஸின் சிடிஎம்-1 என்ற படிக்கும் பொறியமைப்பு இன்னும் அழகு: வார்ப்பு உலோகச் சட்டம், கண்ணாடி லென்ஸ், தண்டவாளமே இல்லாமல் இசைத்தட்டின் கை போல வில்லாக ஆடும் ஒரு கை. மராண்ட்ஸ் சிடி-94 பிளேயரில் இருப்பது அதுதான். பல்சக்கரமும் கிரீஸும் இல்லாததால் என் கருவிக்கு வந்த நோய் அதற்கு வராது. ஆனால் அதன் மின்பலகையில் உள்ள மின்தேக்கிகளுக்கு, கடையில் கண்டன்சர் என்பார்களே, வயதாகாமல் இருக்குமா?

மின்பகு மின்தேக்கிக்குள் ஈரம் இருக்கிறது. அது மெல்ல ஆவியாகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று அச்சிட்ட ஒன்று, 45 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். பெரிய கணக்காகத் தெரிகிறது, அல்லவா? இரவும் பகலும் மின்சாரத்தில் விட்டால் நான்கு ஆண்டுகூட இல்லை. உத்தரவாதக் கணக்கு இது, நடைமுறையில் அதிகம் உழைக்கும். ஆனாலும் “சூடாக இருந்தால்தான் ஒலி நன்றாக இருக்கும்” என்று அணைக்காமலே விடுபவர்கள் எதைச் செலவழிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. வறண்ட மின்தேக்கியால் மின்வழங்கலில் மின்னழுத்தம் சீராக நிற்காமல் ஏறி இறங்கும், லென்ஸ் நடுங்கும். தட்டைத் திறந்து மூடும் ரப்பர் பெல்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீண்டுபோனால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக லேசர். அது சாகாது என்று சொல்லவில்லை. வயதாக ஆக அதே வெளிச்சத்துக்கு அதிக மின்னோட்டம் கேட்கும். பக்கத்திலுள்ள ஒளியுணரி அதைக் கவனித்துத் தானாக ஏற்றிக் கொடுத்துவரும். சோனியின் பல ஹெட்டுகளில் ஒட்டிய சீட்டிலேயே ஆலையில் அளந்த மின்னோட்டம் இருக்கிறது. 465 என்றால் 46.5 மில்லிஆம்பியர். மல்டிமீட்டரால் அளந்து, பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தால் அப்போது கடைக்காரர் சொன்னது சரி. அளக்காமல் பலர் செய்வது ஒன்றுண்டு: ஹெட்டின் பக்கவாட்டில், லேசரின் மின்னோட்டத்தை அமைக்கும் குட்டித் திருகான பிரீசெட்டைத் திருப்புளியால் கொஞ்சம் திருகுவது. வெளிச்சம் கூடும், வட்டு ஓடும், முகம் மலரும். அழுக்கு லென்ஸுக்கும் இறுகிய கிரீஸுக்குமாகச் சேர்த்து இப்போது லேசர் கூடுதலாக எரிகிறது. சீக்கிரமே அது உண்மையாகவே செத்துவிடலாம். புது ஹெட் வாங்கினால் அதில் ஓர் ஈயப் பொட்டு இருக்கலாம். நிலைமின்னிலிருந்து காப்பதற்காக லேசரின் கால்களைக் குறுக்கே இணைத்து வைத்திருப்பார்கள். பொருத்திய பிறகு அதை உருக்கி எடுக்க மறந்து, புதியதும் போலி என்று திட்டியவர்கள் உண்டு.

என் கருவியின் பிரீசெட் மேல் சிவப்பு வண்ணம் ஒரு சொட்டு வைத்திருந்தார்கள், யாரும் திருகவில்லை என்பதற்கு அடையாளமாக. அது உடையவில்லை. மூடியைப் போடாமலே வட்டை வைத்து, நேராக ஒன்பதாவது பாடலை அழுத்தினேன். வண்டி சத்தமில்லாமல் வழுக்கிப் போனது.