தைராய்டு ‘ஏறியிருக்கு’ என்றால் எது குறைந்திருக்கிறது?

கத்திரி வெயில் நேரம். நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வடாம் அரை நாளில் காய்ந்துவிடும். வீட்டில் எல்லோரும் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு புழுங்கிக் கிடக்க, நான் மட்டும் சுவரோரமாகப் போர்வைக்குள் ஒண்டிக்கொண்டிருந்தேன். “உனக்கு மட்டும் எப்படிடி குளிருது?” என்று அம்மா கேட்ட பிறகுதான் எனக்கே விநோதமாகப் பட்டது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே முடி கொட்டிக்கொண்டிருந்தது. போர் தண்ணீரைத் திட்டினோம். மலச்சிக்கலுக்கு வாழைப்பழம், அசதிக்கு ‘வயசாகுதுல்ல’. கடைசியில் ரத்தப் பரிசோதனை எடுத்தோம். ரிப்போர்ட்டைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: “தைராய்டு ஏறியிருக்கு.”

சென்னையில் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறோம். உண்மையில் என் தைராய்டு இறங்கியிருந்தது. ஏறியிருந்தது டிஎஸ்எச் என்ற வேறொரு ஹார்மோன்.

தைராய்டு என்பது குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயின் மேல் பட்டாம்பூச்சி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி. எடை 20 கிராம் அளவில்தான் இருக்கும். உணவிலிருந்து வரும் அயோடினைப் பிடித்து டி4, டி3 என்று இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. அந்த 4-ம் 3-ம் ஒவ்வொரு மூலக்கூறிலும் உள்ள அயோடின் அணுக்களின் எண்ணிக்கை. சுரப்பி வெளியே அனுப்புவது பெரும்பாலும் டி4. கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் அதிலிருந்து ஓர் அயோடின் கழன்றதும் அது டி3 ஆகிறது. வேலை செய்வது டி3-தான். உயிரணுவின் உட்கருவுக்குள் போய், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றியமைக்கிறது.

அதனால்தான் இது குறையும்போது சம்பந்தமே இல்லாத மாதிரி பத்து தொல்லைகள் ஒன்றாக வருகின்றன. எரிபொருள் மெதுவாக எரிவதால் குளிர்கிறது. குடல் மெதுவாக அசைகிறது, இதயம் மெதுவாகத் துடிக்கிறது. மாதவிலக்கு தாறுமாறாகிறது. தோலடியில் நீரைப் பிடித்துவைக்கும் பொருள்கள் சேர்ந்து முகம் உப்புகிறது, குரல் கரகரக்கிறது. ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை அள்ளும் வேலையைக் கல்லீரல் தள்ளிப்போடுவதால் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. கொலஸ்ட்ரால் அதிகம் என்றால் விவரம் தெரிந்த மருத்துவர் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவார்.

சரி, டிஎஸ்எச் ஏன் ஏறுகிறது? மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன் அது. பள்ளிக்கூட நாளில் பிள்ளையை எழுப்பும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் “எழுந்திரும்மா”. அசைவில்லை என்றால் குரல் உயரும். ஏழரை மணிக்குத் தெருவே கேட்கும். டிஎஸ்எச் அந்தக் குரலின் அளவு. 0.4 முதல் 4 அல்லது 5 வரை சாதாரணப் பேச்சு. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் எல்லை சற்று மாறும். என்னுடையது 18. அதாவது என் பிட்யூட்டரி கத்திக்கொண்டிருந்தது.

இந்த அம்மாவுக்குப் பொறுமையும் கொஞ்சம் குறைவு. டி4 லேசாகக் குறைந்தாலே டிஎஸ்எச் பல மடங்கு ஏறிவிடும். அதனால்தான் சிலருக்கு டி4 சரியாகவே இருக்கும், டிஎஸ்எச் மட்டும் 6, 7 என்று நிற்கும். அத்தனை பேருக்கும் மாத்திரை தேவையில்லை. பொதுவாக 10-ஐத் தாண்டினால் மருந்து; அதற்குக் கீழே என்றால் வயது, தொந்தரவுகள், கர்ப்பம், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) எல்லாம் பார்த்துத்தான் முடிவு. வயதானவர்களுக்கு டிஎஸ்எச் இயல்பாகவே கொஞ்சம் கூடியிருக்கலாம்.

‘உப்பில் அயோடின் பத்தவில்லை’ என்பது அடுத்த பிரபலமான விளக்கம். அயோடின் கலந்த உப்பு வந்துவிட்ட நம் ஊரில் பெரும்பாலும் காரணம் வேறு. உடலின் நோய் எதிர்ப்புப் படை தன் சொந்தச் சுரப்பியையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. 1912-ல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து இதை விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இதற்கு உப்பை அள்ளிப் போட்டுப் பயனில்லை. அயோடின் அளவுக்கு மீறினால் இந்த நோய் மோசமாகவும் கூடும். சென்னை உள்பட 8 நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2013-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு தெரிந்தது. உங்கள் அபார்ட்மென்ட்டில் யாருக்கும் இல்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்றே நினைப்பேன்.

இந்தச் சுரப்பிக்கு அவசரம் தெரியாது. செய்த ஹார்மோனை இரண்டு மூன்று மாதத்துக்கு வரும்படி உள்ளேயே சேமித்து வைக்கும். மளிகையைப் பரணில் அடுக்கி வைக்கிற பழைய வீடு மாதிரி. ரத்தத்தில் போன டி4-ம் சட்டென்று தீராது. பாதியாகக் குறையவே 7 நாள் ஆகும். நோய் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் வளர்வதும், மாத்திரை போட்ட மறுநாளே ஒன்றும் நடக்காததும் இதனால்தான்.

நான் பத்தாவது நாளே மறுபடியும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து நின்றேன். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆறு வாரம் கழிச்சு வாங்கம்மா” என்றார். புது அளவு ரத்தத்தில் நிலைபெற ஐந்தாறு வாரம் ஆகிறது. அதற்கு முன் எடுக்கும் டிஎஸ்எச் பாதியில் எடுத்த ஃபோட்டோ. ஒருநாள் மறந்தால் குடி முழுகிவிடாது என்பதற்கும் அந்த 7 நாள்தான் காரணம். ஆனால் ‘நார்மல் ஆயிடுச்சே’ என்று நிறுத்தினால், நார்மல் ஆக்கியதே மாத்திரைதான் என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

மாத்திரையில் இருப்பது சுரப்பி செய்யும் அதே டி4. முன்பு இதற்கு ஆட்டைத் தேட வேண்டியிருந்தது. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டு சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் 74 வயது வரை வாழ்ந்தார். அதற்குள் அவருக்காக 870-க்கும் அதிகமான ஆடுகளின் சுரப்பி செலவாகியிருந்தது. இன்று எனக்கு ஒரு நாளைக்கு 75 மைக்ரோகிராம், தூள் உப்பில் ஒன்றிரண்டு துகள் எடை.

வயிற்றில் வேறு ஏதாவது இருந்தால் இதில் ஒரு பகுதி வீணாகிறது. அளவு இவ்வளவு சிறியது என்பதால் கொஞ்சம் வீணானாலும் வித்தியாசம் தெரியும். சென்னையில் அந்த ‘வேறு ஏதாவது’ ஃபில்டர் காபி. பாலின் கால்சியம் ஒரு பக்கம், காபி இன்னொரு பக்கம், இரண்டும் மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். டிகாக்‌ஷன் இறங்கும் வாசனையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், தவம் என்றால் என்ன என்று புரியும். நான் மூன்று மாதம் பத்து நிமிஷம் காத்திருந்து பதினைந்து என்று கணக்குச் சொன்னேன். டிஎஸ்எச் காட்டிக்கொடுத்தது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கோ 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. முடி கொட்டுகிறதே என்று பலர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். அது சில பரிசோதனை முறைகளைக் குழப்பி, டிஎஸ்எச்சைக் குறைவாகவும் டி4-ஐ அதிகமாகவும் காட்டிவிடும். ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுவது நல்லது. மாத்திரை டப்பாவை அடுப்பு மேடையிலோ ஃப்ரிட்ஜ் தலையிலோ வைக்காதீர்கள். வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் அதற்கு ஆகாது.

முட்டைக்கோஸை விலக்கச் சொல்வார்கள். வேகவைத்துப் பொரியலாகச் சாப்பிடும் அளவுக்குப் பயமில்லை. உடம்பு போட்டதற்கும் எல்லாப் பழியும் தைராய்டுக்குப் போகாது. அதன் பங்கு பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய தேங்கிய நீரும் உப்பும். கர்ப்பம் தரித்தால் மட்டும் டாக்டரிடம் போகத் தாமதிக்கக்கூடாது. முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை அம்மாவின் ஹார்மோனையே நம்பியிருப்பதால் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். இதய நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் நேர்மாறாக, குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள்.

காபி விஷயத்தில் என் டாக்டர் கடைசியில் ஒரு வழி சொன்னார்: இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்போது போடலாம். பலருக்கு அது காலை மாத்திரைக்குக் குறையாமல் வேலை செய்கிறது. எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் 2.6. போர்வை பீரோவுக்குப் போனது, டம்ளர் டபராவோடு காலை ஆறு மணிக்கு வாசலில் உட்கார முடிந்தது.

“என்ன, தைராய்டு இறங்கிடுச்சாமே?” என்றார் மாமி.

“ஏறிடுச்சு மாமி” என்றேன். பாவம், பயந்துவிட்டார்.