வரி எண் மாறினாலும் இடம் கண்டுபிடிக்கும் பேட்ச்

"நிரலில் நாலு வரி திருத்தியிருக்கிறேன். திருத்தத்தை மட்டும் அந்த நிரலைப் பராமரிப்பவர்களுக்கு எப்படி அனுப்புவது? அதற்குள் அவர்கள் பக்கத்தில் கோப்பு மாறிவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்வி எளிது. திருத்தும் முன்பே அசல் கோப்பை நகலெடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் முனையத்தில், இரு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் (diff) கட்டளையை 'யூ' (-u) ஆப்ஷனோடு, பழையது முதலில், புதியது அடுத்து என்று கொடுங்கள். வெளியீட்டை > குறி போட்டு ஒரு கோப்பில் சேமித்தால் பேட்ச், அதாவது திருத்தத்தை மட்டும் கொண்ட கோப்பு, தயார். வரிசையை மாற்றிக் கொடுத்தால் திருத்தம் தலைகீழாகிவிடும்.

குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் டிஃப், மிகக் குறைந்த மாற்றங்களைத் தேடும் வழிக்கு அடிப்படை, கணினி அறிவியலாளர் யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட அல்காரிதம். அதே மையர்ஸ், மரபணு வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் முறையை 1990இல் அறிவித்த ஐவரில் ஒருவர். உடனடிப் பயன் தெரியாத ஆராய்ச்சிக்கும் தயங்காமல் நிதி தர வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தால் பேட்ச் கோப்பில் இப்படி ஒரு தலைப்பு இருக்கும்:

@@ -40,7 +40,7 @@

பழைய கோப்பில் 40ஆம் வரி தொடங்கி 7 வரிகள், புதியதிலும் அப்படியே. நீக்கிய வரிக்கு முன் கழித்தல் குறி, சேர்த்ததற்குக் கூட்டல் குறி. மேலே மூன்று, கீழே மூன்று என்று மாறாத வரிகளும் கூடவே வருகின்றன; இவைதான் சூழல் வரிகள். எல்லாம் அந்த ஆறு வரிகளின் கையில்தான் இருக்கிறது.

பேட்ச் கோப்பில் உள்ள திருத்தத்தை அசல் கோப்பில் பொருத்துவது, நிரலாளர் லாரி வால் 1985இல் எழுதிய பேட்ச் (patch) நிரல். அது வரி எண்ணை ஓர் ஊகமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. முதலில் 40ஆம் வரியில் பார்க்கும். இதற்கிடையில் யாரோ மேலே 12 வரிகள் சேர்த்துவிட்டார்கள் என்றால் அங்கே பொருந்தாது. உடனே முன்னும் பின்னும் நகர்ந்து அதே வரிகளைத் தேடி, 52இல் கண்டுபிடித்து, 12 வரி தள்ளிப் பொருத்தியதாகவும் சொல்லிவிடும். எங்குமே கிடைக்காவிட்டால், சூழல் வரிகளில் முதலாவதையும் கடைசியையும் கணக்கில் எடுக்காமல் மறுபடி தேடும். அப்போதும் இல்லையென்றால் இரு பக்கமும் இரண்டிரண்டு வரிகளை விட்டுவிட்டுத் தேடும். இந்தத் தளர்வுக்கு ஃபஸ் (fuzz) என்று பெயர். அதற்கு மேல் தானாக இறங்காது, பொருந்தாத துண்டை .ரெஜ் (.rej) என்று முடியும் தனிக் கோப்பில் எழுதி உங்களிடமே விட்டுவிடும். இந்தக் கட்டுப்பாடு எனக்கு நிரம்பப் பிடிக்கும்.

ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வரும் நிரலில் ஃபஸ் தவறான இடத்திலும் பொருத்திவிடலாம். அதனால் பேட்ச் நிரலை முதலில் ட்ரை-ரன் (--dry-run) ஆப்ஷனோடு ஓட்டுங்கள். கோப்பைத் தொடாமல் முடிவை மட்டும் சொல்லும். அதில் ஃபஸ் என்று வந்தால், பேட்சைப் போட்ட பிறகு அந்த இடத்தைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.